ஹெலன் எழுதாத பதில்

ராஜேந்திரன் கியரை மாற்றிய வேகத்தில் பின் சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. எடுக்க யாருக்கும் நேரமில்லை.

"மணி இன்னாய்யா?" என்றாள் ஹெலன், கண்ணைத் திறக்காமல்.

"நாலு கூட ஆவல. நீ பாட்டுக்கு யோசிச்சிக்கினு வா."

நாலு ஆகி வெகு நேரமாகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். ஐந்து மணிக்குக் கதவு மூடிக்கொள்ளும். மரக்கதவு அல்ல, கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் கதவு. அதற்குள் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பியாக வேண்டும். மற்ற கேள்விகளை மாமல்லபுரத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் எழுதி முடித்திருந்தாள். கடைசிக் கேள்வியைத் தொடப்போன நேரத்தில் மின்சாரம் போயிற்று. அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். மின்வெட்டு சொல்லிவிட்டும் வந்தது, சொல்லாமலும் வந்தது. அன்றைக்கு வந்தது சொல்லாமல் வந்தது.

கேளம்பாக்கத்தில் தர்மராஜின் பிரவுசிங் சென்டரில் ஜெனரேட்டர் உண்டு. தர்மராஜ் ராஜேந்திரனின் பழைய கூட்டாளி. அந்த ஒரு நம்பிக்கையில்தான், நாவலூரில் ஐ.டி. கம்பெனி ஊழியர்களை ஏற்றப் போக வேண்டிய வண்டியை மனைவிக்காகத் திருப்பியிருந்தான் ராஜேந்திரன். கம்பெனியிலிருந்து போன் அடித்தபடி இருந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

ஹெலனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுனாமிக்குப் பிறகு சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் ஒரு தொண்டு நிறுவனம் மையம் திறந்தது. ஹெலன் அதில் களப்பணியாளர். மீனவக் குப்பங்களுக்குப் போவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, ஆளை இழந்த வீடுகளில் போய் உட்கார்ந்திருப்பது என்று வேலை. ஒரு வருஷம் போன பிறகு, இதற்கும் ஒரு படிப்பு இருக்கிறதாமே என்று கேட்டாள். வெளிமாநிலத்துக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்று சமூகப்பணிப் பட்டத்தை இன்டர்நெட்டிலேயே நடத்தியது. வேலையை விடாமல் படிக்கலாம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் செய்யூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கியவர்கள். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வரைக்கும் போன முதல் பெயர் இவளுடையதுதான். அதுவும் பஸ்ஸில் போகவில்லை, தொலைபேசிக் கம்பி வழியாகப் போனது.

ஈமெயில் திறந்து கொடுத்தவன் ராஜேந்திரன். அதற்கும் பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பக்கத்துக்கும் பாஸ்வேர்டு அவன் வைத்ததுதான், அவன் முதன்முதலில் ஓட்டிய அம்பாசடரின் நம்பர். அந்த வண்டி காயலான் கடைக்குப் போய்ப் பல வருஷமாயிற்று. நம்பர் மட்டும் புருஷன் பெண்டாட்டிக்குள் உயிரோடு இருந்தது.

இன்று எழுதுவது கடைசித் தாள். தேறினால் பட்டம். பட்டம் வந்தால் ஜூன் மாதம் சதுரங்கப்பட்டினம் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் வேலை அவளுக்கு என்று நிறுவனத் தலைவி ஜெகதாம்பாள் வாக்குக் கொடுத்திருந்தார்.

திருப்போரூரில் வண்டி நின்றது. முகூர்த்த நாள். கல்யாண வேன்களும், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குடும்பங்களும், நடுவில் சிக்கிய ஒரு மணல் லாரியும் சாலையை அடைத்திருந்தன.

"முன்னாடி இன்னான்னு பாத்துட்டு வரேன்" என்று இறங்கினான். லாரியின் மறைவுக்குப் போனதும் தர்மராஜுக்குப் போன் போட்டான்.

"மச்சான், ஜெனரேட்டரு ஓடுதா?"

"ஜம்முனு ஓடிக்கினு கீது. நீ எங்க கீற?"

"திருப்போரூர்ல மாட்டிக்கினேன். அஞ்சுக்குள்ள வர்றது கஷ்டம்."

தர்மராஜ் கொஞ்சம் யோசித்தான். "பாஸ்வேர்டு தெரியுமா உனுக்கு?"

"தெரியும். நீ தொறந்து மட்டும் வையி. அவ வந்து எழுதிப்பா."

"அஞ்சுக்கு மேல தொறந்து வெச்சு இன்னா, படமா பாக்கப் போறீங்க? இங்க இதே படிப்புல எம்.எஸ்.டபிள்யூ. முடிச்ச ஆளு ஒருத்தரு குந்திகினு கீறாரு. நாலு பேருக்கு எழுதிக் குடுத்தவரு. சொன்னா வெளுத்துக் கட்டிடுவாரு. யாரு எழுதினான்னு கம்ப்யூட்டருக்கா தெரியப் போவுது?"

ராஜேந்திரன் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் ஹெலன் கண்ணை மூடியபடியே பேசிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தவள். இட்லி மாவு பாத்திரத்துக்கு அடியில் பாடத்தின் பிரிண்ட் அவுட்டைச் செருகி வைத்தவள். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்குக் கோயிலும் பாடமும்தான். ஒரு மணல் லாரிக்காக அதெல்லாம் போக வேண்டுமா?

அம்பாசடரின் நம்பரைத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது ஐந்து தாண்டிவிட்டது. தர்மராஜ் வாசலிலேயே நின்று உதட்டைப் பிதுக்கினான். "மூடிக்கிச்சு தங்கச்சி. இப்பதான்."

ஹெலன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எழுதிய வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும், கடவுள் விட்ட வழி என்று எழுந்துகொண்டாள். அவள் தலைக்கு மேல் தர்மராஜ் ராஜேந்திரனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ரிசல்ட் வந்த அன்று ராஜேந்திரன் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான். முதல் வகுப்பு. ஜெகதாம்பாள் மேடமே போன் செய்து வாழ்த்தியிருந்தார். பூஞ்சேரியில் அவர்கள் தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் போயாகிவிட்டது. வீட்டில் மிட்டாய் தின்னாதவள் ஹெலன் ஒருத்திதான்.

"நான் எழுதாத பதிலுக்கு மார்க்கு குடுத்துகீறாங்க" என்றாள்.

ராஜேந்திரனின் கையில் பிரித்த பொட்டலம் அப்படியே நின்றது. திருத்திய விடைத்தாளைத் திரையில் காட்டுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. தர்மராஜுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"ஏதாவது கம்ப்யூட்டரு கொயப்பமா இருக்கும்" என்றான்.

"கம்ப்யூட்டரு கொயம்பினா இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் எழுதுமா?"

கடைசிக் கேள்வி இதுதான்: துயரத்தில் இருந்த ஒருவரோடு நீங்கள் இருந்த அனுபவத்தை எழுதுக. ஹெலன் எழுத நினைத்தது கன்னியம்மாவைப் பற்றி. சுனாமி கன்னியம்மாவின் புருஷனைக் கொண்டுபோனது. அதன் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. வந்த அதிகாரிகளும் டாக்டர்களும் பேசு, அழுதுவிடு என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஹெலன் ஒன்றும் சொல்லவில்லை. மீன் விற்கும் இடத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து செதில் சுரண்டினாள். மறுநாளும் போனாள். மாதக்கணக்கில் போனாள். ஒரு நாள் கன்னியம்மா வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "கத்திய மாத்திப் புடி, கை அறுத்துக்கும்."

பரீட்சையில் எழுதலாமா என்று ஹெலன் அவளிடமே போய்க் கேட்டிருந்தாள். பேரை மாற்றிவிடுவதாகவும் சொன்னாள். கன்னியம்மா யோசித்துவிட்டு, "எழுதிக்கோ கண்ணு. நடந்தத மட்டும் எழுது. சேத்து எழுதாத" என்றாள்.

திரையில் இருந்த பதிலில் மேரி என்று ஒரு விதவை வந்தாள். மூன்று முறை ஆலோசனை கேட்டாள். மூன்றாம் முறை கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆசிரியர் அதற்குப் பக்கத்தில் மிக நன்று என்று குறித்திருந்தார்.

"அப்டி ஒரு மேரி எங்கியுமே இல்லய்யா" என்றாள் ஹெலன். "இல்லாத பொம்பளைய அழ வெச்சு மார்க்கு வாங்கிகீது. யுனிவர்சிட்டிக்கு எழுதப் போறேன்."

ராஜேந்திரன் பதறிப்போனான். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைக்காதே என்றான். நாவலூரில் தன் வண்டியில் ஏறுகிறவர்களில் எத்தனை பேருடைய அனுபவச் சான்றிதழ் டுபாக்கூர் என்று தெரியுமா, அவர்களெல்லாம் ஏசி ரூமில் உட்காரவில்லையா என்று கேட்டான். யாரோ ஒரு புண்ணியவான் செய்த உதவி என்று விட்டுவிடச் சொன்னான்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"பரீட்சைக்கு முன்னாடி அந்தக் கட்டத்துல ஒரு டிக் போடுவேன் பாத்துகீறியா? இது என் சொந்தப் பதிலு, ஆண்டவர் சாட்சின்னு. அத்த நான்தானே போட்டேன்?"

அவன் பார்த்திருக்கிறான். டிக் போடுவதற்கு முன் அவள் ஒரு கணம் கண்ணை மூடுவதையும் பார்த்துச் சிரித்திருக்கிறான். அதை எல்லோரும் படிக்காமல் 'சரி' போடுகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தான்.

உண்மையைச் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் உள்ளே போய்விட்டது.

அவள் எழுதினாள். பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது, அவள் மையத்தில் இருந்தபோது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். அந்தத் தாளை ரத்து செய்துவிட்டார்கள். மறுபடி எழுதலாம், ஒரு வருஷம் கழித்து. பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டாள். அவ்வளவுதான். ராஜேந்திரனுக்கு வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. யார் என்று கேட்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் மாதம் ஒருங்கிணைப்பாளர் வேலை லதா என்ற பெண்ணுக்குப் போயிற்று. லதாவைக் குப்பம் குப்பமாக அழைத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்து வைத்தவள் ஹெலன்தான். தெருக் குழாயடியில் ஒருத்தி, "கரண்ட்ல வந்த படிப்பு கரண்ட்லியே போச்சாமே?" என்று கேட்டாள். "எங்க போச்சு? மீட்டரு ஓடிக்கினு தான் கீது" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினாள் ஹெலன்.

அந்த வருஷம் முழுக்க ராஜேந்திரன் அவளைப் பார்த்தான். ஒரே தாளுக்கான பாடத்தை, ஏற்கெனவே தெரிந்த பாடத்தை, புதிதாகப் படிப்பதுபோல் படித்தாள். சிடுசிடுக்கவில்லை. யாரையும் திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும். அவள் படிக்கும் நாட்களில் அவனே சமைக்கப் பழகினான். அவன் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "டீசல் வாசனை கொஞ்சம் கம்மியா கீது இன்னிக்கு" என்பாள். தர்மராஜின் கடைப்பக்கம் போவதை அவன் நிறுத்திவிட்டான்.

மறுதேர்வு நாளன்று மாமல்லபுரம் பிரவுசிங் சென்டருக்கு முன்னால் மீன்கூடையோடு கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு வருஷத்தில் அந்தக் கடைக்கும் ஜெனரேட்டர் வந்திருந்தது. கூடைக்குப் பக்கத்தில் ஒரு கேன். கடைக்காரரிடம் அதைத் தள்ளினாள்.

"போட்டுக்கு வெச்ச டீசலு. கரண்டு போனா இத்த ஊத்து. எம் பொண்ணு உள்ள எழுதிக்கினு கீறா."

அன்று மின்சாரம் போகவேயில்லை. ஆனாலும் அனுப்பிவிட்டு ஹெலன் வெளியே வரும்வரை கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. கேனைத் திரும்பத் தூக்கிக்கொண்டுதான் போனாள்.

ஹெலன் தேறினாள். பட்டம் வந்தது. ஒரு வேடிக்கை: இல்லாத மேரிக்குக் கிடைத்ததைவிட இருக்கிற கன்னியம்மாவுக்கு மார்க் குறைவு. இதைச் சொன்னபோது கன்னியம்மா செதிலைச் சுரண்டியபடியே, "கொறஞ்சா கொறையட்டும். நம்பளுது ஐஸ்ல வெச்சது இல்ல, பச்ச மீனு" என்றாள்.

செய்யூர் பக்கம் நிறுவனம் புது மையம் திறந்தது. பொறுப்பு யாருக்கு என்று ஜெகதாம்பாள் ஆலோசனைக் கூட்டம் எதுவும் வைக்கவில்லை. தன் குறையைத் தானே சொன்னவளிடம் ஒரு மையத்தை நம்பிக் கொடுக்கலாம் என்று சொல்லி, ஹெலன் பெயரை எழுதினார். அம்மா அப்பா கூலிக்குப் போன ஊருக்கே ஹெலன் மேடம் ஆகிப் போனாள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், நாவலூரில் ராகவன் வண்டியில் ஏறினான். கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கும் இளைஞன், தபால் வழியில் எம்.பி.ஏ. சேர்ந்திருந்தான். லேப்டாப்பை மூடிவிட்டுக் கேட்டான்.

"டிரைவர், கேளம்பாக்கத்துல யாரோ அசைன்மென்ட் எல்லாம் எழுதிக் கொடுக்கறாங்களாமே. உங்களுக்குத் தெரியுமா? எனக்கு டைமே இல்ல."

ராஜேந்திரன் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். அந்த முகத்தில் கெட்டவன் யாரும் இல்லை. களைத்துப்போன ஒருவன் மட்டும் இருந்தான். திருப்போரூரில், மணல் லாரியின் மறைவில் நின்றவனும் அப்படித்தான் இருந்திருப்பான்.

"தெரியும் சார். நல்லாவே எழுதித் தருவாரு. மார்க்கும் வரும்" என்றான். "ஆனா பட்டம் உங்க கிட்ட இருக்கும், படிப்பு அவரு கிட்ட இருக்கும். நாளைக்கு ஒரு கஷ்டம்னு யாராவது உங்க முன்னாடி வந்து நின்னா, பட்டத்த வெச்சுக்கினு இன்னா சார் பண்ணுவீங்க? கம்ப்யூட்டரு முன்னாடி நம்பள யாரும் பாக்கலதான். யாரும் பாக்காத எடத்துல நேர்மையா இருக்கறதுக்குப் பேருதான் சார் படிப்பு. மத்ததெல்லாம் பேப்பரு."

கொஞ்ச தூரம் போன பிறகு ராகவன் லேப்டாப்பைத் திறந்தான்.

சொல்லி முடித்த பிறகுதான் ராஜேந்திரனுக்கு உறைத்தது. ஊருக்குச் சொல்லிவிட்டோம், வீட்டுக்குச் சொல்லவில்லையே. ராகவனை இறக்கிவிட்டு, வண்டியை நேராகச் செய்யூருக்கு விட்டான்.

ஹெலன் மையத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வெயில் இறங்கியிருந்தது. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் சாவியைத் திருகவில்லை.

"ஹெலனு. அன்னிக்குத் திருப்போரூர்ல பாஸ்வேர்டு குடுத்தது நான்தான். தர்மராஜு கடையில ஒரு ஆளு எழுதினான். நான்தான் எழுதச் சொன்னேன்."

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மார்க்கு வந்த அன்னிக்கே. காயலான் கடைக்குப் போன அம்பாசடரு நம்பரு, உன்னியும் என்னியும் வுட்டா யாருக்குய்யா தெரியும்?"

ஒரு வருஷம். அவன் வைத்த குழம்பு, அவள் செய்த கேலி, குழாயடியில் பட்ட பேச்சு, லதாவுக்குப் போன வேலை. எல்லாம் தெரிந்துகொண்டே.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா நீ ஒத்துக்கினு இருப்ப. நீயா சொன்னா அது வேற. அதுக்குத்தான் இருந்தேன்."

பிறகு அவளே, முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"யுனிவர்சிட்டிலேர்ந்து போன் வந்துச்சே, அப்ப அவங்க கேட்டாங்க. யாரு எழுதினாங்க, யாரு பாஸ்வேர்டு குடுத்தாங்கன்னு. பேர சொல்லிட்டா உங்க மேல தப்பு இல்ல, அடுத்த மாசமே பரீட்சை வெச்சுடறோம்னாங்க. ஜூன்ல அந்த வேலையும் எனக்குத்தான் வந்திருக்கும்."

ராஜேந்திரன் திரும்பினான். "நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னா பொய்யி. அதனால, தெரியும், பேர மட்டும் கேக்காதீங்கன்னேன். அப்ப ஒரு வருஷம் ஆவும்மான்னாங்க. ஆவட்டும் சார்னுட்டு வெச்சுட்டேன்."